மழையுடை தெரிவு: ஹுன்னஸ்கிரியச் சந்தியிலிருந்து மலையேறுவோருக்கு

கண்டியிலிருந்து திகன, தெல்தெனிய வழியாக மஹியங்கனைக்குச் செல்லும் ஏ26 வீதியில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் வெயிலைப் பின்னே விட்டு மேலேறி வருகிற பஸ் வண்டி ஹுன்னஸ்கிரியச் சந்தியில் நின்றதும், லூல்வத்தைப் பக்கம் பிரிகிற கிளைவீதியை நோக்கி மூட்டையுடன் இறங்குகிற பிரயாணி முதலில் வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். அங்கே நீலம் தெரிந்தால், பையின் அடியில் கிடக்கும் மழைக்கோட்டை அடியிலேயே விட்டுவிட்டு நடக்கத் தொடங்குகிறார். அன்றைய தினத்தின் முதல் தவறு அதுவே. சந்தியில் வெயில் காயும் அதே முற்பகலில் டீன்ஸ்டனில் தூறலும், கோர்பெட்ஸ் கணவாயில் ஆளைத் தள்ளும் காற்றும், அதற்கப்பால் மீமுரே இறக்கத்தில் கொட்டும் மழையும் இருப்பது இப்பிரதேசத்தில் சர்வ சாதாரணம்.

இந்த அத்தியாயம் அத்தகைய நடைக்கு உரிய உடையை எப்படித் தெரிவு செய்வது, எந்த வரிசையில் அணிவது, எப்படிப் பேணுவது என்பவற்றைச் சொல்லும். ஆரம்பத்திலேயே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது: வெப்ப வலயத்து மலையொன்றில் நாள் முழுவதும் ஏறி இறங்குபவர் ஒரு துளியும் நனையாமல் திரும்புவது நடவாத காரியம். மழையால் நனையாதவர் வியர்வையால் நனைவார். ஆகையால், நனைந்தாலும் குளிரில் விறைக்காமல் காக்கிற உடையையும், இரவுக்கென்று ஈரம் படாத ஒரு மாற்றுடையையுமே நாம் தேட வேண்டும்.

## மழையின் குணம்

மடக்கிய கைமுட்டியின் கணுக்களைப் போலத் தோன்றுவதால் ஆங்கிலேயர் நக்கிள்ஸ் என்று பெயரிட்ட தும்பறை மலைத்தொடர், 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இலங்கை மத்திய மலைநாட்டின் மூன்று பகுதிகளுள் ஒன்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றும் அதன் இரு பக்கங்களையும் மாறி மாறி நனைக்கின்றன. இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை பெய்கிறது. ஈரமான சரிவுகளில் ஆண்டுக்கு 2,500 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை விழுவதால், இம்மலைகளுக்கு மழையில்லாத மாதமென்று ஒன்றை நம்பிப் புறப்படுவது உசிதமன்று.

உயரம் 1,000 மீற்றர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். கண்டி நகரம் சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்க, இத்தொடரின் மிக உயர்ந்த கொம்பனிய சிகரம் 1,906 மீற்றர் உயரமுடையது. ஆகவே கண்டியில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து உடை தெரிவு செய்பவர், மேலே ஒன்பது பாகை குறைவான குளிரையும் அதனோடு சேரும் காற்றையும் கணக்கிற் கொள்ள வேண்டும்.

மழை எங்கிருந்து வருகிறது என்பதையும் அறிய வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், விலையுயர்ந்த கோட்டொன்றை அணிந்து, தேயிலை மலையூடாக இறங்கும் குறுக்குப்பாதையில் வந்துகொண்டிருந்த நான், மார்பும் முதுகும் காய்ந்திருக்க, இடுப்புக்குக் கீழே தெப்பமாக நனைந்து நின்றேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த முதிய அம்மாள் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “மழை மேலருந்து மட்டுமா ஐயா வருது? செடியிலருந்துல்ல வருது” என்றார். அவருடைய இடுப்பைச் சுற்றி முழங்காலுக்குக் கீழ்வரை படங்கு இறுக்கிக் கட்டியிருந்தது; தலையிலிருந்து முதுகுக்குக் கொங்காணி மடித்துப் போட்டிருந்தது; பக்கங்கள் திறந்திருந்தபடியால் காற்றுத் தாராளமாக உள்ளே போய் வந்தது. மேலே ஒரு கூரை, கீழே ஒரு தடுப்பு, நடுவில் காற்று வாசல் என்னும் அந்த அமைப்பைவிடச் சிறந்த பாடத்தை எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

## துணி வகைகள்: தெரிய வேண்டிய அளவு மட்டும்

பிளாஸ்டிக் மழைக்கோட்டு. மலிவானது, தண்ணீரை முற்றாகத் தடுக்கும், வியர்வையையும் அப்படியே உள்ளே அடைக்கும். முட்செடியில் ஒருமுறை மாட்டினால் அதன் ஆயுள் முடிந்தது. அரை மணி நேர நடைக்கு இது போதும்.

பூச்சுத் துணி. நைலோன் அல்லது பொலியெஸ்டர் துணியின் உட்புறத்தில் பொலியூரித்தேன் பூசியது, நடுத்தர விலை. 1823இல் ஸ்கொட்லாந்துக்காரரான சார்ள்ஸ் மக்கின்தோஷ் இரு துணிகளுக்கிடையே இறப்பரை வைத்து மழைக்கோட்டு செய்தபோது, அது வெயிலில் இளகி ஒட்டிக்கொள்ளும் குறை இருந்தது. இன்றைய பூச்சுத் துணிக்கும் நம் நாட்டுப் புழுக்கத்தில் ஏறக்குறைய அதே கதிதான்: ஈரமும் வெப்பமும் சேர்ந்து பூச்சைச் சிதைக்க, சில ஆண்டுகளில் அது பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரியும்.

சவ்வுத் துணி. 1969இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டுப் பின்னர் கோர்-டெக்ஸ் என்னும் பெயரால் விற்பனைக்கு வந்த வகையும் அதைப் போன்றவையும் இதில் அடங்கும். சவ்வின் நுண்துளைகள் நீர்த்துளியை விடமாட்டா, நீராவியை விடும். ஆனால், ஆவி வெளியேறுவதற்கு உள்ளே ஈரப்பதனும் வெப்பமும் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருக்க வேண்டும். மூடுபனி நிறைந்த, வெதுவெதுப்பான காட்டில் உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால், குளிர்தேசத்தில் புகழ்பெற்ற கோட்டு இங்கே பாதி வேலையே செய்யும். காசு கொடுக்குமுன் இதை யோசியுங்கள்.

## கடையில்: எட்டுப் படிகள்

1. உட்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். தையல் ஓடிய ஒவ்வொரு கோட்டின்மேலும் ஒரு நாடா ஒட்டியிருக்க வேண்டும். இல்லையேல் ஊசித்துளை ஒவ்வொன்றும் ஓர் ஓட்டை. ஏற்றுமதிக்காகத் தைக்கப்பட்டு மிஞ்சிய ஜக்கெட்டுகள் நம் நகரக் கடைகளில் நயமான விலைக்குக் கிடைப்பதுண்டு. அவற்றுட் சில கழிக்கப்பட்டவை. தோள், தலைமூடி, அக்குள் ஆகிய மூன்று இடங்களிலும் நாடாவை நகத்தால் மெல்ல நெருடிப் பாருங்கள். விளிம்பு எழும்பினால் வேண்டாம்.

2. எண்ணைப் படியுங்கள். துணியின்மீது எத்தனை மில்லிமீற்றர் உயர நீர்த்தம்பம் நின்றால் கசியத் தொடங்கும் என்பதே சீட்டில் அச்சிட்டிருக்கும் நீர்த்தடுப்பு எண். தும்பறை மழைக்கும், தோளை அழுத்தும் பைவாருக்கும் 10,000 போதுமானது. 20,000 என்றிருந்தால் நல்லதே; அதற்காக இரட்டிப்பு விலை கொடுப்பது அவசியமில்லை.

3. காற்று வாசலைத் தேடுங்கள். அக்குளுக்குக் கீழே திறந்து மூடும் ஸிப் உள்ள கோட்டு, நம் சீதோஷ்ணத்தில், எவ்வளவு உயர்ந்த சவ்வையும்விட அதிகம் உபகாரப்படும். அது இல்லாவிட்டால், முன்பக்க ஸிப் மேலும் கீழும் இருபுறமும் திறக்கிறதா என்றாவது பாருங்கள்.

4. தோளைச் சோதியுங்கள். நீடித்து உழைக்கும் கோட்டா என்பது தோளிலும் இடுப்பிலுமே தெரியும். பைவார் உரசுவது அங்கேதான். நூலின் பருமனை டெனியர் என்னும் அளவால் சொல்வர்: 9,000 மீற்றர் நூலின் கிராம் எடையே அது. மூட்டை சுமப்போருக்கு 40 முதல் 70 டெனியர் வரை பொருத்தம். 20 டெனியர் கையில் இலேசாக இருக்கும்; ஏலக்காய்த் தூறுகளையும் மூங்கிற் கிளைகளையும் தாண்டும்போது கிழியும். சவ்வு வெளித்துணிக்கும் உட்துணிக்கும் நடுவே அமைந்த மூவடுக்குக் கோட்டே மிக அதிக காலம் உழைக்கும்.

5. தலைமூடியை அணிந்து கழுத்தைத் திருப்புங்கள். முகத்தோடு மூடியும் திரும்ப வேண்டும். அது நேரே நிற்க உங்கள் மூக்கு மட்டும் திரும்பினால், வழுக்குப் பாறையில் பக்கவாட்டுப் பார்வை போய்விடும். நெற்றிக்கு மேலே விறைப்பான விளிம்பு இருப்பது கண்ணாடி அணிவோருக்கு மிக அவசியம்.

6. இரு கைகளையும் உயர்த்துங்கள். இடுப்பு வெளியே தெரிந்தாலோ கோட்டின் கைநுனி மணிக்கட்டை விட்டு மேலேறினாலோ அளவு சிறிது. உள்ளே ஒரு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டே அளவு பாருங்கள்.

7. ஸிப், வெல்க்ரோ, இழுகயிறு மூன்றையும் பத்து முறை இயக்குங்கள். கோட்டுகளிற் பெரும்பாலானவை துணி கெடுமுன் ஸிப் கெட்டே சாகின்றன. குளிரில் விரல் விறைத்திருக்கும். ஆகையால் ஒரு கையால் இயக்க முடிகிறதா என்று பாருங்கள்.

8. நிறத்தை யோசியுங்கள். மூடுபனியில் பத்தடிக்கு முன்னால் நடப்பவர் மறைந்துபோவார். செம்மஞ்சளோ மஞ்சளோ உயிர் காக்கும். இராணுவச் சீருடையை ஒத்த புள்ளித்துணியை இந்நாட்டில் அணியவே வேண்டாம். வீதித்தடையில் வீண் வில்லங்கம்.

குறிப்பு: கடைக்காரர் அனுமதித்தால், வெளிப்புறத்தில் ஒரு கரண்டி தண்ணீர் விடுங்கள். சேம்பிலையில் விழுந்ததுபோல உருண்டோடினால், வெளித்துணியில் நீரை ஒட்டவிடாத மேற்பூச்சு நலம். துணி கறுத்து நீரை உறிஞ்சினால் மேற்பூச்சு இல்லையென்று அர்த்தம்.

## இடுப்புக்குக் கீழே

கோட்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியாவது இதற்குக் கொடுப்பவர் அரிது. மழைக் களிசான் வாங்குவதானால், சப்பாத்தைக் கழற்றாமலே மாட்டக்கூடியதாக, முழங்கால்வரை பக்க ஸிப் உள்ளதாகப் பாருங்கள். ஏற்றத்தில் அது புழுங்கும். அப்போது படங்கின் யுக்தியைப் பின்பற்றி, இடுப்பில் சுற்றி முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை தொங்கும் நீர்புகாத துணியொன்றைக் கட்டிக்கொள்ளலாம். நான் இரண்டு முழ அகலத் துணிக்கு நாடா தைத்து அப்படியே பயன்படுத்துகிறேன். உட்காரும்போது ஈரப்பாறைக்கு அது ஆசனமுமாகும். செங்குத்தான இறக்கத்தில் மாத்திரம் காலில் தட்டாதவாறு தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள்.

அட்டைக்கு மழைநாளே திருநாள். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் முழங்கால்வரை தைத்த அட்டைக் காலுறையைச் சாதாரணக் காலுறைக்கு மேலும், சப்பாத்துக்கு உள்ளும், களிசான் கால் அதற்குள்ளே செருகியிருக்குமாறும் அணிய வேண்டும். அதன்மீது சவர்க்காரம் தேய்ப்பது பலரும் கைக்கொள்ளும் வழக்கம். கடித்த அட்டையை இழுத்துப் பிய்க்காதீர்கள். தீயும் உப்பும் வைக்காதீர்கள். அதன் மெலிந்த முனைக்கடியில் நகத்தை நழுவவிட்டால் தானே விடும். இரத்தம் சிறிது நேரம் உறையாமல் ஒழுகுவது இயல்பு. கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். பூச்சிவிரட்டித் தைலங்களிற் காணப்படும் டீட் என்னும் இரசாயனம் பிளாஸ்டிக்கை இளக்கும். அதைக் கோட்டில் படாமல் தோலில் மட்டும் பூசுங்கள்.

## அணியும் வரிசை

1. பையின் உள்ளே முதலில் ஒரு தடித்த பொலித்தீன் உறை. மாற்றுடை, போர்வை யாவும் அதற்குள். பைக்கு வெளியே மாட்டும் மழையுறையை மாத்திரம் நம்பினால், முதுகுப் பக்கமாக வழியும் நீர் உள்ளே இறங்கும்.

2. உடலோடு ஒட்டிய சட்டை பருத்தியாக இராதிருக்கட்டும். பருத்தி நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடற்சூட்டைத் திருடும். பொலியெஸ்டரோ மெல்லிய கம்பளியோ ஈரத்தைச் சீக்கிரம் விடும். தடித்த ஜீன்ஸ் களிசானுக்கும் இதே தடை.

3. கோட்டு பையின் உச்சியில். கடைசியாக வைப்பதே முதலில் கைக்கு வரும்.

4. சற்றே குளிரும் நிலையில் நடக்கத் தொடங்குங்கள். பத்து நிமிடத்தில் உடல் சூடேறும். லூல்வத்தை வரையிலான வீதி நடையில் காற்றில்லையெனில், கோட்டைவிடக் குடையே உத்தமம். அதற்கு நான்கு பக்கமும் காற்று வாசல்.

5. பெருந்துளி விழும்போதே கோட்டை மாட்டுங்கள். நனைந்தபின் மாட்டுவது ஈரத்தைப் பொதிந்து கட்டுவதாகும். ஏற்றத்தில் அக்குள் ஸிப்பைத் திறந்து வையுங்கள்.

6. கணவாயை அடையுமுன் எல்லாவற்றையும் மூடுங்கள். காற்று முகத்தில் அறைந்தபின் நின்று ஸிப் தேடுபவர், ஏறிச் சம்பாதித்த சூட்டை இரண்டு நிமிடத்தில் இழப்பார்.

7. இரவு தங்குமிடத்தில் உடனே உலர்ந்த உடைக்கு மாறுங்கள். மறுநாட் காலை அதைக் கழற்றி உறைக்குள் வைத்துவிட்டு, முதல்நாள் நனைந்த உடையையே அணிந்துகொண்டு புறப்படுங்கள். இதைச் சொல்வது சுலபம். விடியற்காலைக் குளிரில் ஈரச் சட்டைக்குள் தலையை நுழைப்பதற்குச் சந்நியாசியின் வைராக்கியம் வேண்டும். ஆயினும், அந்த ஒரு நிமிட நடுக்கத்துக்கு அஞ்சி உலர்ந்த உடையை அணிந்து புறப்பட்டவருக்கு அடுத்த இரவில் உலர்ந்தது எதுவும் மிஞ்சாது.

## அடிக்கடி நேரும் தவறுகள்

- பெயரைப் பார்த்து வாங்குதல். அதே பெயரில் வீதி நடைக்கும் பனிமலைக்குமாகப் பல தரங்கள் உண்டு.
- “நீரை எதிர்க்கும்” என்பதை “நீர் புகாது” என்று படித்தல். முன்னது தூறலுக்கு மட்டும்.
- துணி கறுத்ததும் கோட்டு ஒழுகுகிறதென்று எண்ணுதல். மேற்பூச்சு தேய்ந்தால் வெளித்துணி ஈரத்தில் தோய்ந்து ஆவியை அடைத்துவிடும். உள்ளே தெரியும் ஈரம் பெரும்பாலும் உங்கள் வியர்வையே.
- அடுப்பருகே காயவைத்தல். மீமுரேப் பக்கத்து வீடொன்றின் விறகடுப்புக்கு மேலே என் கோட்டைத் தொங்கவிட்டு உறங்கிப்போய், விடிந்ததும் ஒரு கை மாத்திரம் உருகிச் சுருங்கியிருக்கக் கண்டேன். நைலோனுக்குத் தீயின் உறவு ஆகாது.

## பேணும் முறை

1. ஸிப்புகள் எல்லாவற்றையும் மூடி, சேற்றை வெறுந்தண்ணீரால் கழுவுங்கள்.
2. மழையுடைக்கென்று விற்கும் திரவத்தால் அலசுங்கள். சலவைத் தூளும், துணி மென்மையாக்கியும் மேற்பூச்சைக் கெடுக்கும். திரவம் கிடைக்காவிடில் இளஞ்சூட்டு நீர் மாத்திரமே போதும்.
3. முறுக்கிப் பிழியாமல் நிழலிற் காயவிடுங்கள்.
4. கோட்டின் சீட்டு அனுமதித்தால், முற்றாக உலர்ந்தபின் ஒரு பருத்தித் துணியை மேலே விரித்து, மிகக் குறைந்த சூட்டில் ஸ்திரிக்கை செய்யுங்கள். அயர்ந்த மேற்பூச்சு மீண்டும் எழும். எழாவிட்டால் தெளிப்பூச்சு வாங்கித் தெளிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.
5. மடித்து அமுக்கிப் பெட்டியில் வைக்காதீர்கள். அலுமாரியில் காற்றாடத் தொங்கவிடுங்கள். பூச்சு பிசுபிசுப்பது மடிப்பிலிருந்தே தொடங்கும்.

## பாதுகாப்பு எச்சரிக்கை

நல்ல கோட்டு மனிதனுக்கு ஒரு துணிச்சலைத் தருகிறது. அத்துணிச்சல் சில சமயம் ஆபத்து. வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவித்தலையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையையும் புறப்படுமுன் பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்த விதத்தைக் கண்டவர்களுக்கு இதை வற்புறுத்த வேண்டியதில்லை. எச்சரிக்கை இருக்கும் நாளில் எந்த உடையும் உங்களைக் காக்காது, வீட்டிலிருங்கள்.

மேலே மழை கொட்டினால் கீழே ஓடை சில நிமிடங்களிற் பெருகும். கலங்கிய நீரில் கால் வைக்காமல் வடியும்வரை காத்திருங்கள். இடி கேட்டால் வெட்டைவெளியான புல்மேட்டை விட்டு இறங்கி, குடையை மடக்குங்கள். உடன்வருபவர் இடைவிடாமல் நடுங்கினாலோ, ஸிப்பை இழுக்கத் தடுமாறினாலோ, பேச்சுக் குழறினாலோ அது உடற்சூடு குறைவதன் அடையாளம்: காற்றுப் படாத இடத்தில் இருத்தி, ஈர உடையை நீக்கி, உலர்ந்ததை உடுத்தி, தலையை மூடி, நினைவு தெளிவாயிருந்தால் இனிப்பான சுடுதேநீர் கொடுங்கள். சாராயம் கூடாது; அது சூட்டை வெளியேற்றும். நிலை தேறாவிடில் தாமதியாமல் வைத்திய உதவி தேடுங்கள்.

திரும்பும்போது, சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கோட்டை இரண்டுமுறை பலமாக உதறிக்கொள்ளுங்கள். வீடு சேர்ந்ததும், குளிக்கப் போகுமுன்பே அதைப் பையிலிருந்து எடுத்து வாசலுக்கு வெளியே கொடியில் விரியுங்கள்: ஈரத்தோடு ஓரிரவு சுருண்டு கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பது ஒரு காரணம், தலைமூடியின் மடிப்புக்குள் தும்பறை அட்டையொன்று உங்களோடு கண்டிவரை பிரயாணம் செய்திருக்கக்கூடும் என்பது மற்றொன்று.